நம்ப முடியாத நஷ்டம்

லாப நஷ்டக் கணக்கை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அழித்து எழுதிய தடம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தான் ரெய்னோ. ஒரு தடமும் இல்லை. அதுதான் அவனுக்கு உதைத்தது.

"வருஷம் பூரா கடையை நடத்தி, கடைசியில பதினோராயிரம் டாலர் நஷ்டமாம். அதையும் எழுதிக் கையில குடுத்துட்டு, கடையை வாங்கிக்கோன்னு சொல்றா அந்த ஐலி. யாராவது செய்வாங்களா?"

"நஷ்டம்னா நஷ்டம்னுதானே எழுதுவாங்க?" என்றாள் மனைவி மார்லிஸ், துவைத்த காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டே.

"நீ ஒரு வெகுளி. வரிக்குப் பயந்து, வித்ததுல பாதியை எழுதாம விட்டிருக்கா. ரொக்கமா வர்ற காசு எந்தச் சாப்பாட்டுக் கடையில கணக்குக்கு வந்திருக்கு?"

அவன் வேலை பார்த்த காகித ஆலையை மூடியபோது, இருபத்தாறு வருஷ உழைப்புக்காகக் கொடுத்த அறுபதாயிரம் டாலர் வங்கியில் இருந்தது. அவர்களிடம் இருந்தது அவ்வளவுதான். இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த பேஸ்டி விற்கும் தன் கடைக்கு ஐலி கேட்டது ஐம்பத்தெட்டாயிரம்.

மறுநாள் அவள் எதிரிலேயே உட்கார்ந்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்தான். விற்பனை. மாவு, மாட்டிறைச்சி, கிழங்கு. வாடகை. எரிவாயு. பரிமாறுகிற வெர்னாவின் சம்பளம்.

"உங்க சம்பளம் எங்கக்கா?"

"எடுத்தாத்தானே எழுதறதுக்கு? செத்துப்போன வீட்டுக்காரரோட சுரங்கப் பென்ஷன்ல என் பொழப்பு ஓடுது. முழங்கால் ரெண்டும் போச்சு, அதான் விக்கிறேன். யோசிச்சு வாங்கு தம்பி, நஷ்டக் கடை."

ரெய்னோ வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குதித்தான். "சம்பளமே எடுக்கலையாம் மார்லிஸ்! அப்போ கல்லாவுலேர்ந்து நேரா கைப்பைக்குப் போகுதுன்னு அர்த்தம்!"

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கூட்டல் சரியாக வந்துவிட்டால் எனக்கும் பயம்தான் வரும்.

உளவு பார்ப்பது என்று முடிவாயிற்று. ஐலிக்கு முகம் தெரிந்துவிடக் கூடாதென்று, நான்கு வெவ்வேறு ஊர்களிலிருந்து சும்மா இருக்கிற நான்கு பேரைப் பிடித்தான். ஒவ்வொருவரையும் தனித்தனியே ஓரம் கட்டினான்.

"அடுத்த வாரம், திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், சரியா பகல் பன்னெண்டுக்குப் போ. தனியா போனா சந்தேகப்படுவா, கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போ. தின்னுக்கிட்டே மத்தவங்க எத்தனை பேர்னு எண்ணு. பில்லு வாங்கி வை, காசு நான் தர்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாத."

வார முடிவில் நால்வரும் போன் செய்தார்கள். "கடை களை கட்டுதுப்பா! எங்களைத் தவிர ஒம்போது பேர், தினமும்!"

நான்கு வாயிலும் ஒரே எண். நீதிமன்றத்தில்கூட சாட்சிகள் இப்படி ஒத்துப்போவதில்லை. நால்வரில் ஒருவனான ரெய்னோவின் ஒன்றுவிட்ட மச்சான் மட்டும் கூடுதலாக ஒரு துப்பு கொடுத்தான்.

"ஆனா ஒண்ணு. அத்தனை பேரும் மெனு அட்டைக்குப் பின்னால மூஞ்சியை மறைச்சுக்கிட்டுத்தான் திங்கிறாங்க. அங்க என்னமோ நடக்குது."

"என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றான் ரெய்னோ.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஐலி பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, நடுவுல ஒரு வாரம் கொஞ்சம் கூட்டம் வந்துச்சு. ஏன்னு எனக்கே புரியல. அதை நம்பி மோசம் போயிடாத."

ரெய்னோ அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். "புரியுதுக்கா, புரியுது." பேரம்கூடப் பேசவில்லை. பேசப் போய் அவள் மனசு மாறிவிட்டால்?

திங்கட்கிழமை. எண்பது பேஸ்டிகள் பொன்னிறமாக வெந்து காத்திருந்தன. பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டேகால். பன்னிரண்டரை. வாசல் மணி ஒரே ஒரு முறை ஒலித்தது. மின்சார பில்லை வைத்துவிட்டுத் தபால்காரர் போய்விட்டார்.

மார்லிஸ் ஒரு பேஸ்டியைச் சாப்பிட்டாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பசியில்லாமலே இன்னொன்றும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"சும்மா வாசலையே பார்க்காத. புதுக் கணக்கு நோட்டைத் தொடங்குவோம்" என்றாள். "வரவு வர்றப்ப வரட்டும், செலவை எழுதலாம். அந்த உளவுப் பில்லையெல்லாம் எடு."

ரெய்னோ சட்டைப் பையிலிருந்து ரப்பர் வளையம் மாட்டிய கட்டை எடுத்து மேஜையில் வைத்தான். இருபது பில்.

காலி மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்த வெர்னா எட்டிப் பார்த்தாள். எல்லாம் அவள் கையெழுத்து. அந்தக் கடையில் பேஸ்டி தின்றுவிட்டுப் பில் கேட்கிற வழக்கம் ஒருவருக்கும் கிடையாது, அந்த ஒரு வாரம் தவிர.

ஒவ்வொன்றாகப் புரட்டினாள். உதடு அசைய ஏதோ எண்ணினாள். பிறகு துடைத்த துணியை மெல்லக் கீழே வைத்தாள்.

"அட, அந்தப் பன்னெண்டு பேரும் உங்க ஆளுங்கதானா?"