குத்தாலிங்கத்தின் கண்ணாடி

“அப்பா, குத்தாலிங்கம் மாமா பேப்பர் படிக்கையில கண்ணாடியைக் கழட்டி வைக்காரு. சீட்டாடும்போது மட்டும் ஏன் போடுதாரு?” என்று என் மகள் ஒருநாள் கேட்டாள்.

“சும்மா கெட, ஏட்டி” என்று அடக்கினேன். என் வெற்றியெல்லாம் அந்தக் கண்ணாடியில்தான் இருந்தது.

துபாய் வேலை போய் ஊர் திரும்பிய நான், குற்றாலத்தில் குத்தாலிங்கம் வீட்டில் நண்பர்கள் நாலு பேர் ஞாயிறுதோறும் ஆடும் போக்கர் சீட்டிலும் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

“எனக்கு எதுவுமே வெளங்காதுலே. இனி வரல” என்றேன்.

அடுத்த வாரமே அவன் பெரிய கண்ணாடியோடு என் எதிரில் உட்கார்ந்தான். அவன் கைச்சீட்டெல்லாம் அதில் தெரிந்தது. பந்தயம் புளியங்கொட்டை, ஜெயித்தவனுக்கு ஒரு கூடை மங்குஸ்தான். அதிலிருந்து ஏழு வாரமும் கூடை என் வீட்டுக்குத்தான் வந்தது.

“ஒனக்குச் சுக்கிர திசைலே” என்பான்.

எட்டாவது வாரம் அவன் டீ போட எழுந்தபோது, கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். பவரே இல்லை. மகள் கேட்டது அப்போதுதான் விளங்கியது.

கடைசிக் கையில் நாங்கள் இருவரே மிஞ்சினோம். கண்ணாடியில் அவனுக்கு இரண்டு பத்து. என்னிடம் அதை ஜெயிக்கும் இரண்டு ராஜா.

“விட்டுட்டேன்லே” என்று சீட்டைக் கவிழ்த்தேன்.

“என்னலே, பயந்துட்டியா?”

“ஆமாலே” என்றபடி, குற்றாலநாதர் தவிர யாரும் பார்க்காமல், ராஜாக்களைக் கட்டோடு கலைத்தேன்.