சத்தம் கொடுத்து வருதல்

இப்போது அறையில் இருக்கிறானா?

கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை. அதைத் தாண்டி ஒன்றும் எட்டவில்லை.

முன்பெல்லாம் இப்படி ஒரு கேள்வியே எழுந்ததில்லை.

பார்வையற்றோர் பள்ளி விடுதியில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எந்த அறைக்குள் நுழைந்தாலும் கதவு நிலையில் விரலால் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் "ம்" என்று குரல் கொடுப்பார். தட்டாமல் வருகிறவன் திருடன் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

அவனும் அங்கே படித்தவன்தான். கல்யாணமான நாள் முதல் அவன் தட்டுவான், அவள் "ம்" என்பாள். சில நாள் அவர்கள் பேசிக்கொண்டதே அவ்வளவுதான்.

போதுமாக இருந்தது.

போன மாதம் அவனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது. சட்டத்தில் சின்னதாக ஒரு கேமரா. எதிரில் இருப்பதையெல்லாம் ஒரு பெண்குரல் அவன் காதுக்குள் சொல்லும். யாரையும் கேட்காமல் தானே பேருந்து ஏறி வந்த அன்று, சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. அவள் அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் தட்டுவது நின்றுபோனது.

அவள் இருப்பது வாசலிலேயே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. எதற்குத் தட்டுவான்?

ஒருநாள், அவன் இருக்கிறான் என்று நினைத்துக் காலி நாற்காலியிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள், யாருமில்லை என்று நினைத்து வாய்விட்டுப் பாடினாள். பின்னால் நின்று கேட்டிருக்கிறான்.

மழை சற்றுத் தணிந்தது.

"முகம் வாட்டமா இருக்குன்னு சொல்லுது. என்னாச்சு மரகதம்?"

கை எட்டும் தூரத்தில் அவன் குரல்.

எவ்வளவு நேரமாக நிற்கிறான்?

முகத்தை மறைக்க அவள் கற்றதில்லை. இந்த வீட்டில் அதற்குத் தேவை வந்ததில்லை. வாட்டமென்றால், அவளுடைய "ம்" ஒன்றிலேயே அவனுக்குக் கேட்டுவிடும்.

மடியில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது.

"உனக்கும் ஒண்ணு வாங்கிட்டேன். நான் எங்க நிக்கிறேன்னு இனிமே அதுவே சொல்லிரும். போட்டுப் பாரேன்."

நியாயம்தான். போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

எதிரில் ஓர் ஆண் நிற்கிறார் என்று அந்தப் பெண்குரல் சொல்லும்.

கண்ணாடியை எடுத்துத் தடவினாள். எடையே இல்லை. அதன் கால்களை மெல்ல மடித்தாள். பெட்டியில் வைத்து மூடி, அவன் குரல் வந்த பக்கம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளும்வரை நீட்டியபடியே இருந்தாள்.

பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை வாசலில் நின்றாள்.

நிலையில் விரலால் தட்டினாள்.

உள்ளே யாருமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் ஒரு "ம்" வருமென்று நின்றாள்.