குணவதியின் வாக்கு

எலும்புவரை நோய் பரவிப் படுத்திருந்த கணவர் தணிகாசலத்துக்கு, குணவதி தேர்தல் அலுவலகம் அனுப்பியிருந்த சிறு புத்தகத்தை வாசித்துக் காட்டினாள். பிழைக்க வழியில்லாத நோயாளி கேட்டுக்கொண்டால், சாவதற்கான மருந்தை மருத்துவர் தரலாமா என்று, அவர்கள் குடியேறியிருந்த வெளிநாட்டு மாநிலத்தில் மக்களிடமே வாக்கெடுப்பு. புத்தகத்தில் ஆதரித்து ஒரு பக்கம், எதிர்த்து ஒரு பக்கம். தபால் வாக்குச்சீட்டு இருவருக்கும் வீட்டுக்கே வந்திருந்தது.

"எதிர்த்து எழுதினவர் நல்லா எழுதியிருக்கார்," என்றார் தணிகாசலம். "வீட்ல இருக்கிறவங்களுக்குப் பாரமா இருக்கோமேன்னுதான் பல பேர் சாவைக் கேப்பாங்களாம். நிஜந்தான்."

"நீங்க எனக்குப் பாரமா?"

அவர் பேனாவைக் கேட்டார். சீட்டுக்கடியில் அட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குறியிட்டதும் மடித்து உறையிலிட்டார்.

"இப்ப நீ போடு."

"நீங்க போட்டதையே போடறேன். சொல்லுங்க."

"என்னோடதுதான் போட்டாச்சே. இது உன்னோடது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலியில் நெற்றி சுருங்கி விரிந்தது. குணவதி 'ஆம்' என்ற கட்டத்துக்கருகே பேனாவைக் கொண்டுபோனாள். இது அவருடைய வலிக்காகவா, பல இரவுகளாகக் கெட்டுப்போன தன்னுடைய தூக்கத்துக்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. யோசித்தபடியே, பேனா கையிலிருக்க, உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போனாள்.