சத்தம் கேட்டு வாங்குகிறவர்

பன்னிரண்டு வருடம் கோழிக்கூண்டாக இருந்த பழைய ஐம்பது சிசி மோட்டார் சைக்கிளைத் தையல்காரர் வாங்கி வந்து, சரிசெய்து விற்பதற்காக வீட்டுக் கூடத்திலேயே பிரித்துப் போட்டார். ஏர் ஃபில்டருக்குள் இரண்டு முட்டை கிடைத்தன. ஒன்று நல்ல முட்டை.

வண்டி ஓடத் தொடங்கியது. விற்றுத்தான் போகவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது போகணும். இல்லன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே கிளம்புங்க" என்றாள் மனைவி.

விளம்பரம் பார்த்து ஒரே ஒருவர்தான் தினமும் காலையில் ஃபோன் செய்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தம் கேக்கணும்."

தையல்காரர் ஃபோனை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிக்கரை உதைப்பார். சில நாள் கூடவே மனைவியின் திட்டும் கேட்கும்.

"அருமை! நாளைக்குச் சொல்றேன்."

ஆறு நாளாக இதே கதை. நேரில் வரச் சொன்னால் மட்டும் லைன் போய்விடும்.

சனிக்கிழமை மதியம், அதே மாடல் வண்டி விற்பனைக்கு என்று இன்னொரு விளம்பரம் கண்ணில் பட்டது. என்ன விலை சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் தையல்காரர் அந்த எண்ணுக்கு ஃபோன் செய்தார். எங்கேயோ கேட்ட குரல் எடுத்தது.

"வண்டி ஓடுமா சார்?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? நேத்து ஒருத்தர் சத்தத்தைக் கேட்டே அட்வான்ஸ் தரேன்னுட்டார். இருங்க, ஸ்டார்ட் பண்றேன்."

டப் டப் டப் என்று பிசிறில்லாத சத்தம். நடுவே ஒரு பெண் குரல்: "தைச்ச துணியெல்லாம் புகை நாத்தம்! அந்தச் சனியனை வெளிய தள்ளுங்க!"

தையல்காரர் திரும்பிப் பார்த்தார். மனைவி பேசாமல் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்னைத் திட்டினியா?"

"இன்னைக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"