கல்வெட்டில் ஒரு வரி

“அவன்ரை பேரைப் போடும். முழுப்பேரையும் போடும்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

கிருஷ்ணராசா எழுதாமல் இருந்தார். சாவின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைக் கல்வெட்டு என்பார்கள். லண்டன் தமிழரில் பாதிப்பேருக்கு அதை அச்சடித்துக் கொடுப்பவர் அவர்தான். அதில் தேவாரம் இருக்கும், வம்சாவளி இருக்கும், புலம்பல் பாட்டு இருக்கும். இன்னாரால்தான் செத்தான் என்று ஒரு வரியை அவர் இதுவரை அச்சடித்ததில்லை.

“அண்ணை, முந்நூறு வீட்டுக்குப் போற புத்தகம். ரதீசன்ரை தாய் தேப்பனும் இதே ஹரோவிலைதான் இருக்கினம். பிறகு அவை எங்கை தலை காட்டுறது?”

“என்ரை ஒரே பிள்ளை போயிட்டான். அண்டைக்குக் காலமை போன் எடுத்து, போகாதை ராசா எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். அவன்தான் இழுத்துக்கொண்டு போனவன்.”

லக்‌ஷனுக்கு இருபத்திரண்டு வயது. 2006 பெப்ரவரியில் பல்கலைக்கழக நண்பன் ரதீசனோடு பிரான்சு மலைக்குப் பனியில் சறுக்கி விளையாடப் போனான். பனிச்சரிவில் புதைந்து, பெட்டியில் திரும்பி வந்தான்.

அழைப்புமணி அடித்தது. வாசலில் ரதீசன்.

“இவனை ஆர் வரச்சொன்னது?”

“நான்தான்,” என்றாள் லக்‌ஷனின் தாய் சிவமலர். “பிள்ளையோடை கடைசியா இருந்தது இவன். எனக்குக் கேக்கவேணும்.”

ரதீசனின் வலக்கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருந்தது. வெறுங்கையால் பனியைத் தோண்டியதில் விறைத்துப்போன விரல்கள்.

“சொல்லு தம்பி. அந்த இடம் ஆபத்தெண்டு தெரியாதோ?”

“தெரியும் அன்ரி. மூண்டு நாள் பனி கொட்டினது. அடியிலை பழைய பனி சீனி மாதிரி ஒட்டாமல் கிடந்தது. அதுக்கு மேலை காத்துக் கொண்டுவந்து குவிச்ச பனி. பாக்க உறுதியாத் தெரியும். ஒராள் மிதிச்சாக் காணும், முழுச்சரிவும் கழண்டு வந்திடும். அஞ்சிலை நாலாம் நிலை அபாயம் எண்டு ஹோட்டல் சுவரிலை ஒட்டியிருந்தவை.”

“அவன் அதை வாசிக்கேல்லையோ?”

“அவன்தான் முதல் வாசிச்சவன். இண்டைக்கு அறையிலையே இருப்பம் எண்டவன்.”

“பிறகேன் போனவன்? அப்பாவும் போகவேண்டாமெண்டு சொன்னவராமே?”

ரதீசன் ஸ்ரீஸ்கந்தராஜாவைப் பார்த்தான். அவர் சுவரைப் பார்த்தார்.

“ஓம் அன்ரி. நான்தான் கேக்கேல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்.”

சிவமலர் அழவில்லை. “இந்தக் கையாலை உனக்கு எத்தினை நாள் சோறு போட்டனான்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிருஷ்ணராசா பேனையை எடுத்து அந்த வரியை எழுதினார். எவ்வளவு திமிராகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

ரதீசன் வெளியே நடந்தான். வாசல் கேற்றடியில் ஸ்ரீஸ்கந்தராஜா அவனைப் பிடித்தார். குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது.

“அண்டைக்கு நான் போனிலை கதைச்சது உனக்கும் கேட்டதோ?”

“அவன் ஸ்பீக்கரிலை போட்டவன், அங்கிள்.”

“எல்லாம் கேட்டதோ?”

“ஓம். டொக்டர் ஜீவரத்தினத்தின்ரை பொம்பிளைப் பிள்ளையள் மலை முகட்டிலை நிண்ட படத்தை அவர் கோயிலிலை எல்லாருக்கும் காட்டினவர், நீ ஆம்பிளைப் பிள்ளை கட்டிலிலை கிடக்கிறியோ எண்டு கேட்டனியள். அவை போனது பனி கொட்ட முதல் எண்டு அவன் சொல்ல வந்தவன். நீங்கள் விடேல்லை. போனை வைச்ச உடனை சப்பாத்தைக் கொழுவினான். மறிச்சுப் பாத்தனான், கேக்கேல்லை. தனிய விட ஏலாமல்தான் நானும் போனனான்.”

ஸ்ரீஸ்கந்தராஜா வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“பிறகேன் அன்ரியிட்டை அப்பிடிச் சொன்னனி?”

“அவவுக்கு இனி நீங்கள் மட்டும்தானே, அங்கிள்.”

அவருடைய கண் நிறைந்துவிட்டது. அவன் தோளைத் தொட்டு, “நீ நல்ல பிள்ளை,” என்றார். அவன் போன பிறகும் கொஞ்சநேரம் அங்கேயே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

கிருஷ்ணராசா காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். “இண்டைக்கு அச்சுக்குப் போகவேணும், அண்ணை. அந்த வரியை என்ன செய்ய?”

“அப்பிடியே இருக்கட்டும்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. “அவனே தன்ரை வாயாலை ஒப்புக்கொண்டவன் எல்லே.”