ஆறாம் திருத்தம்

“பொண்ணு பேரையே தப்பாக் கோத்து வச்சிருக்கீகளே, பாய்! கண்ணு தெரியுதா, இல்லையா?”

பள்ளத்தூர் குமரப்பன் போட்ட சத்தத்தில் அச்சகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையில் மகனின் கல்யாணப் பத்திரிகை, ஐந்தாவது புரூப். ‘நாகவல்லி’யைச் சிவப்பு மையால் அடித்து ‘நாகம்மை’ என்று எழுதியிருந்தார்.

அப்துல் சுபஹான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காரைக்குடியில் இருபத்தாறு வருடமாக அச்சுக் கோக்கிறவர். எழுதிக் கொடுத்த தாளை முதல் புரூப்போடேயே குமரப்பன் வாங்கிப் போய்விட்டார். ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

“மன்னிச்சுக்கங்க. மாத்திர்றேன்.”

“அப்படியே ‘மூத்த’ங்கிறதையும் எடுத்துருங்க. வெறும் ‘குமாரத்தி’ போதும். எடத்தை அடைக்குது.”

சுபஹான் எழுத்துகளை மாற்றினார். தாளின் அடியில், வழக்கம்போலப் பொடி எழுத்தில், ‘திருத்தம் 6 – 14.6.67’ என்று கோத்தார். எது புதுத் தாள், எது பழசு என்று குழம்பாமலிருக்க அவர் வைத்திருந்த ஏற்பாடு அது. பத்திரிகை அச்சேறும்போது அந்த வரியை எடுத்துவிடுவார்.

மணப்பெண் பேரையே ஐந்து முறை தப்பாகக் கோத்திருக்கிறோம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் முதலாளியிடம் போய், இந்த வேலையோடு நின்றுகொள்வதாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் அசதி இன்னும் கூடியது.

மறுநாள் காலை தேவகோட்டையிலிருந்து, பெண் வீட்டார் சார்பில், இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்தாள்.

“நாகம்மைக்கு அக்கா நான். அப்பச்சி புரூப்பைப் பாத்துட்டு வரச் சொன்னாக.”

ஆறாவது தாளை நின்றபடியே படித்தாள். “சரியா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டாள்.

“நல்லாப் பாருங்க ஆத்தா. அஞ்சு தடவை உங்க தங்கச்சி பேரைத் தப்பாக் கோத்துட்டேன். கண்ணு போயிருச்சு. இதுதான் என் கடைசி வேலை, முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்.”

வாசலுக்குத் திரும்பியவள் நின்றாள்.

“பழைய புரூப்பெல்லாம் இருக்கா?”

சுபஹான் பழைய தாள்களின் கட்டை எடுத்துக் கொடுத்தார். அடிவரியில் இருந்த எண்களைப் பார்த்துப் பார்த்துத் தள்ளியவள், ‘திருத்தம் 2’ வந்ததும் நிறுத்தினாள். அதில் ஓர் எழுத்து விட்டுப்போய் ‘நாகவலி’ என்று விழுந்திருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ‘நாகவல்லி’.

“இது யாரு எழுத்து?”

சுபஹான் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “குமரப்பன் ஐயா எழுத்து.”

“அவுகளே இந்தப் பேரைத் திருத்திக் குடுத்திருக்காக. உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல பாய். வேலையை விட்றாதீக.”

“அப்ப பேரு எப்படித்தான் தப்பாச்சு?”

அவள் தாள்களை எண் வரிசையாக அடுக்கி அவர் கையில் கொடுத்தாள்.

“தப்பே இல்ல பாய். அஞ்சாந் திருத்தம் வரைக்கும் பொண்ணு நான்தான்.”