ஐந்தடி

“அன்னைக்குக் காலையில யாபேஸ் என்கூடத்தான் இருந்தாரு” என்றாள் கேத்தூராள்.

கூடத்தில் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

விசாரிக்க வந்த ஷெரீப் பென்சிலைக் கீழே வைத்தார். “உங்க ஷேக்கர் வீட்டுல ஆம்பளைக்கு ஒரு படி, பொம்பளைக்கு ஒரு படின்னு சொன்னாங்களே. நீ எந்தப் படியில ஏறுனம்மா?”

“ஆம்பளைங்க படியில. மூலிகை காயப்போடுற பரணுக்கு. ஏழு மணி அடிக்கிற வரைக்கும் அங்கதான் இருந்தோம். ரெண்டு பேரும் தனியா.”

மூப்பரம்மா செருயா கண்ணை மூடிக்கொண்டாள். யாபேஸ் தலை நிமிரவே இல்லை.

கேத்தூராளும் அவனும் பதினோரு வருஷத்துக்கு முன், துறவு வாழும் இந்த ஷேக்கர் கிறிஸ்தவச் சபைக்குப் புருஷன் பெண்டாட்டியாக வந்து சேர்ந்தவர்கள். சேர்ந்த அன்றோடு அண்ணன் தங்கை; அதுதான் இங்கே சட்டம். வாரத்தில் ஒரு மாலை ஆணும் பெண்ணும் எதிரெதிரே நாற்காலி போட்டுப் பேசலாம். நடுவில் ஐந்தடி. அந்த ஐந்தடிக்கு அப்பால் அவன் தலை நரைப்பதைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு வருஷங்கள் போயின.

இப்போது அவன் கழுத்துக்குக் கயிறு காத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணி அடிக்குமுன் மூப்பர் பிலேமோன் இருமலுக்குக் குடித்த தேநீரில் ஊமத்தை இருந்தது; ஆள் செத்துப்போனார். அவர்தான் யாபேஸை ஒரேயடியாகத் தூரத்துக் கென்டக்கியில் இருந்த இன்னொரு ஷேக்கர் குடியிருப்புக்கு அனுப்ப முடிவு செய்தவர். யாபேஸ் அவரிடம் குரல் உயர்த்தியது எல்லார் காதிலும் விழுந்திருந்தது. ஊமத்தை காய்ந்த பரணும் அவன் பொறுப்பு.

ஷெரீப் பென்சிலை மறுபடி எடுத்தார். ஷேக்கர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்பது சந்தையில் அவர்களிடம் விதை வாங்குகிறவனுக்குக்கூடத் தெரியும். அதிலும், இருக்கிற கூரையைத் தானே பிய்த்துக்கொள்ளும் பொய்யை எவள் சொல்வாள்? இருமல் மூலிகையில் இலை மாறி விழுந்திருக்கும் என்று எழுதிக்கொண்டு குதிரை ஏறிவிட்டார்.

மத்தியானமே இருவரையும் வெளியே அனுப்பினார்கள். ஆளுக்கொரு துணிமூட்டை, ஒரு ரொட்டி.

வண்டிப்பாதையில் அவன் ஒரு ஓரம், அவள் ஒரு ஓரம். பழக்கம். மேப்பிள் மரங்களைத் தாண்டியதும்தான் அவன் குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்தான். மூலிகை கிள்ளிக் கிள்ளிப் பச்சை ஏறிய கை. அவள் அப்படியே நின்றாள்.

“எனக்காகப் பொய் சொல்லிட்டியே கேத்து. பரண்ல நான் தனியாத்தானே இருந்தேன்.”

“தெரியும்.”

“அப்ப நீ எங்க இருந்த?”

“உங்கள அனுப்பாதீங்கன்னு மூப்பர்கிட்ட கெஞ்சிட்டு இருந்தேன்” என்றாள். “முடியாதுன்னு சொன்னப்புறம்தான் டீயைக் கொடுத்தேன்.”

யாபேஸ் கையை விட்டான். மெல்ல நடந்து, பாதையின் அந்த ஓரத்துக்கே போய்ச் சேர்ந்தான்.